செலோபகாத்தின் ஆறாவது மகள்

பத்தேர்ஸ்ட் வீதியில், ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் இருந்த புதுவாசிப்பு மையத்தில் அன்ரனெற் பதினொரு வருடமாக வேலை செய்தாள். கதிரை அடுக்குவது, கோப்பி போடுவது, யூதர் முறைப்படி பால் சாமானும் இறைச்சிச் சாமானும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது, கூட்டம் முடிந்ததும் துடைப்பது ஆகியவை அவளுடைய வேலைகள். இதில் கடைசி வேலைதான் கஷ்டம்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, ஐம்பத்துச் சொச்சம் பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக வாசித்து, வருடம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். பல நூற்றாண்டுகளாக இப்படியே நடக்கிறது. புதுவாசிப்பு மையத்துக்கு அதில்தான் மனக்குறை. அங்கே ஒவ்வொரு ஞாயிறு காலையும் அந்த வாரத்துப் பகுதிக்கு இதுவரை யாரும் சொல்லாத விளக்கம் ஒன்று சொல்லப்பட வேண்டும். வாசலில் ஆளுக்கு இரண்டு அட்டை கொடுப்பார்கள். மஞ்சள் அட்டை, 'கேட்டதில்லை'. நீல அட்டை, 'கேட்டிருக்கிறேன்'. நீலம் அதிகமாக எழுந்தால் பேசியவர் பாதியில் இறங்கிவிட வேண்டும்.

அன்ரனெற் கத்தோலிக்கப் பெண். சனி மாலைப் பூசைக்குப் போய்விட்டு, ஞாயிறு காலை வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ் ஏறுவாள். பஸ்ஸில் தன்னுடைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து அந்த வாரத்துப் பகுதியைக் கவனமாக வாசிப்பாள். பக்தி ஒரு பக்கம் இருக்க, மண்டபத்தில் எதைத் துடைக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் முக்கியம். நோவாவின் வாரம் என்றால் தண்ணீர். எகிப்தின் வாதைகள் என்றால் தவளை. ஆசரிப்புக் கூடாரம் கட்டும் வாரத்தில் வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பை நிறைய ஆணியும் மரத்துண்டும் கொடுத்து, எப்படிப் பூட்டுவது என்று சொல்லாமல் மூன்று மணித்தியாலம் விட்டுவிட்டார்கள். கட்டடப் பராமரிப்பாளர் சண்முகலிங்கம் அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆணி பொறுக்கினார். இன்னொரு வாரம் எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெள்ளை வெளியை வாசிப்பதாகச் சொல்லி ஒருவர் நாற்பது நிமிடம் பேசாமல் நின்றார். அத்தனை அட்டையும் மஞ்சள். அன்று நித்திரை கொண்ட மூன்று பேர் கூட்டக் குறிப்பில் 'ஆழ்ந்த வாசகர்கள்' என்று பதியப்பட்டார்கள்.

மையத்தின் தலைமை வாசகர் டொக்டர் ஹோவர்ட் ஸ்பிவாக். உயரமான, நரைத்த, நல்ல குரலுள்ள மனிதர். அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. புதிதாக வருபவர்களுக்கு அதை அவரே விளக்குவார்.

"வாசித்துவிட்டுப் பேசுவது யாராலும் முடியும். வாசித்த உடனேயே பழைய வாசிப்புகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நான் என் மனத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக ஒரு பகுதியைக்கூட நான் திறந்ததில்லை. தோராவுக்கு நான் செய்யும் தியாகம் அது."

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் குறித்துக்கொள்வார்கள்.

இந்தக் கட்டடத்திலேயே நாற்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை வகுப்பு நடத்தியவர் மாக்கஸ். எண்பத்தொரு வயது, ஓய்வுபெற்ற மருந்தாளர். வகுப்பில் ஒன்பது பேர், எல்லோரும் கைத்தடிக்காரர். மையத்தின் புதுமைக் குழு ஒருநாள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவர் சொல்வது அத்தனையும் ஏற்கெனவே சொல்லப்பட்டவை என்று கண்டுபிடித்தது. "ஆமாம், அதனால்தான் சொல்கிறேன்" என்றார் மாக்கஸ். வகுப்பை மூடிவிட்டார்கள். ஆனால் செவ்வாய் வந்தால் கால் சும்மா இருக்கவில்லை. வந்து சமையலறையில் அன்ரனெற்றுக்கு எதிரே உட்கார்ந்து பால் இல்லாத தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

யூன் மாதத்து ஒரு செவ்வாய். அந்த வாரம் மிரியாமின் கதை. மோசேயின் அக்கா மிரியாம் தம்பியைப் பற்றிக் குறை பேசியதால் தோல் வெளுத்து நோய் வருகிறது; பாளையத்துக்கு வெளியே ஏழு நாள் தள்ளிவைக்கிறார்கள்; அவள் திரும்பும்வரை மக்கள் புறப்படாமல் நிற்கிறார்கள். அன்ரனெற் வெங்காயம் உரித்தபடி தன் சமையலறை ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மாக்கஸ், ஒண்டு கேக்கிறன். உந்த ஏழு நாளும் மிரியாமுக்கு ஆர் சாப்பாடு கொண்டுபோனது?"

மாக்கஸ் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அது உடைந்து தேநீருக்குள் விழுந்தது.

"அது எழுதப்படவில்லை."

"எழுதாட்டில் அவ சாப்பிடேல்லையோ? ஆரோ ஒருத்தி கொண்டுபோயிருப்பாள். வருத்தம் தொத்தும் எண்டு தெரிஞ்சும் போயிருப்பாள். அவளின்ர பேரைத்தான் விட்டுட்டினம்."

பிறகு அவள் தன்னுடைய கதையைச் சொன்னாள். தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். தங்கை பிலோமினாவுக்குக் கொப்பளிப்பான் என்ற அம்மை நோய். குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று பள்ளிக்கூட வளவின் கடைசியில் நின்ற புளியமரத்தின் கீழே ஒரு தறப்பாளைக் கட்டி அவளைப் படுக்கவைத்தார்கள். இருபத்திரண்டு வயது அன்ரனெற் நாளுக்கு இரண்டு தடவை கஞ்சி கொண்டுபோனாள். மூன்றாம் நாள் மற்றவர்கள் ட்ரக்ரரில் ஏறிப் போய்விட்டார்கள்.

"உங்கட கதையில அவ்வளவு சனமும் ஒரு வருத்தக்காரிக்காகக் காத்து நிண்டது. எங்களுக்கு ஒரு ட்ரக்ரரும் நிக்கேல்லை. நாலு நாள் நானும் அவளும் அந்தப் புளியும்தான்."

மாக்கஸ் சட்டைப்பையிலிருந்து சிறு கொப்பியை எடுத்து எழுதினார்.

"அறுபது வருடமாக இதை வாசிக்கிறேன். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறேன். ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது சொன்னவரின் பெயரோடு சொல்ல வேண்டும். எங்களுக்குள் அது கட்டாயம்."

சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு நீட்டும் யன்னல் ஒன்று இருந்தது. அதன் பலகை பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் டொக்டர் ஸ்பிவாக் கோப்பிப் பானையின் முன் நின்றார். கோப்பை நிரம்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை அவர் மேடையேறினார்.

"போன கோடையில் முஸ்கோக்கா ஏரியில் தனியாகப் படகு வலித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பெண்ணைக் கண்டேன். கையில் கஞ்சிக் கிண்ணம். நண்பர்களே, மிரியாமுக்கு ஏழு நாளும் உணவு கொண்டுபோனது யார்?"

அவர் பாலைவனத்தை வர்ணித்தார். நோயுற்ற தங்கையை வர்ணித்தார். அவள் படுத்திருந்த புளியமரத்தையும் வர்ணித்தார். சீனாயில் புளியமரம் எப்படி முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. இருநூறு மஞ்சள் அட்டை எழுந்தது. முன் வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அன்ரனெற் யன்னலுக்குப் பின்னால் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி நின்றாள். பிலோமினாவின் உடம்பிலிருந்த கொப்புளங்களைக்கூட அவர் விடவில்லை. எண்ணிக்கையோடு சொன்னார்.

"உது நீர் சொன்ன கதையெல்லோ?" என்று சண்முகலிங்கம் கிசுகிசுத்தார்.

"ஓம் அண்ணை."

"கத்தியை இஞ்ச தாரும்" என்றார் அவர்.

மையத்தில் முறைப்பாட்டுக்கு ஒரு படிவம் உண்டு. அன்ரனெற் அதை நிரப்பினாள். 'வாசகரின் தகுதி' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'சமையலறை' என்று எழுதினாள். புதுமைக் குழு அவளை வியாழன் பத்து மணிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டது. விசாரணைக்குக் கதிரை அடுக்கி, தேநீரும் வைக்கும்படி ஒன்பது மணிக்கு அவளுக்கே அறிவித்தல் வந்தது. அவள் அடுக்கினாள், வைத்தாள், பிறகு வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு முறைப்பாட்டாளராக உள்ளே வந்தாள்.

குழுவின் தலைவி கனிவாகப் பேசினார். "அன்ரனெற், உங்கள் மீது எங்களுக்கு அளவில்லாத மரியாதை. முதலில் இந்த எலுமிச்சை கேக்குக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். இப்போது விசயம். சமையலறையில் பேசப்படுவது வாசிப்பு ஆகாது. அது சூழல். சூழலுக்கு உரிமையாளர் கிடையாது. டொக்டர் ஸ்பிவாக் சூழலிலிருந்து எடுத்தார். எடுக்கத் தெரிவதுதான் புலமை."

"அது என்ர தங்கச்சி" என்றாள் அன்ரனெற்.

"அதைத்தான் நாங்களும் மதிக்கிறோம். உங்கள் தங்கை இப்போது எல்லோருக்கும் சொந்தம்."

டொக்டர் ஸ்பிவாக் அவள் தோளில் கைவைத்தார். "உங்களிடம் அது ஒரு சம்பவமாகக் கிடந்தது. நான்தான் அதை வாசிப்பாக உயர்த்தினேன். ஒருநாள் நீங்களே எனக்கு நன்றி சொல்வீர்கள்."

முடிவில் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'சூழல் பங்களிப்பாளர்' என்று பொன் எழுத்தில் இருந்தது. பெயரை 'அன்ரோனியா' என்று போட்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் சண்முகலிங்கம் குப்பைப் பை கட்டிக்கொண்டே சொன்னார். "பேசாமல் விடும் பிள்ளை. உவையோட கொழுவி வெல்லேலாது."

"நான் கொழுவப் போறேல்லை அண்ணை. சாப்பாடு வைக்கப் போறன்."

பழிவாங்குவது பாவம் என்று அன்ரனெற்றுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்தி, எல்லாவற்றையும் யூலைக் கடைசியில் மொத்தமாகச் சொல்வதென்று முடிவெடுத்தாள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கோராகின் வாரத்தில், பூமி வாய் திறந்து கலகக்காரரை விழுங்கும் பகுதி. செவ்வாய்க்கிழமை யன்னல் பலகையைப் பாதி திறந்துவிட்டு, மாக்கஸிடம் கொஞ்சம் உரத்துச் சொன்னாள். "அந்தப் பூமிக்குக் கோவமில்லை, பசி. நாப்பது வருசம் வானத்திலயிருந்து விழுந்த மன்னாவைச் சனம் ஒரு துகள் விடாமல் பொறுக்கினால் நிலத்துக்கு என்ன மிஞ்சும்?" யன்னலுக்கு அப்பால் பேனாவின் கீறல் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை 'பசித்த பூமி' என்ற தலைப்பில் டொக்டர் ஸ்பிவாக் பேசினார். இந்த எண்ணம் தனக்கு விமானத்தில் வந்ததாகச் சொன்னார். நூற்றுத் தொண்ணூறு மஞ்சள்.

பிலேயாமின் வாரத்தில் அவள் கொஞ்சம் கூட வைத்தாள். அந்த வாரத்துக் கதையில் ஒரு கழுதை பேசும். "கழுதை என்ன சொல்லிச்சுது எண்டு மனிசர் எழுதினதை எப்பிடி நம்புறது? கழுதையைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும்" என்றாள். ஞாயிறு காலை மார்க்கம் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு கழுதை வந்து இறங்கியது. டொக்டர் ஸ்பிவாக் அதன் முன் ஒலிவாங்கியை வைத்து, "நாம் பேசுவதை நிறுத்திக் கேட்போம்" என்றார். இருநூறு பேர் இருபது நிமிடம் கேட்டார்கள். கழுதை முன் வரிசையிலிருந்த மஞ்சள் அட்டைகளைத் தின்றது. நீல அட்டையைத் தொடவில்லை. இதைக் குழு ஒரு விமர்சனமாகப் பதிவுசெய்தது.

"துடைக்கிறது நாங்கள்தானே" என்று சண்முகலிங்கம் முனகினார்.

"இன்னும் ஒரு கிழமை அண்ணை."

அடுத்த ஞாயிறுதான் மையத்தின் ஆண்டு விழா. மொன்றியலிலிருந்தும் நியூயோர்க்கிலிருந்தும் விருந்தினர் வருகிறார்கள். 'ஆண்டின் புதுவாசகர்' விருது, மிரியாமின் உணவுக்காக, டொக்டர் ஸ்பிவாக்குக்கு. விருதை வாங்கும் முன் அந்த வாரத்துப் பகுதிக்கு அவர் ஒரு வாசிப்பு நிகழ்த்த வேண்டும். அந்தப் பகுதியில் செலோபகாத்தின் மகள்கள் வருகிறார்கள். தகப்பன் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோக, ஐந்து சகோதரிகள் மோசேயின் முன்னால் போய் நின்று தங்களுக்குப் பங்கு கேட்கிறார்கள். ஐந்து பேருடைய பெயரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அன்ரனெற் மாக்கஸுக்கு முன்னால் தேநீரை வைத்தாள். மண்டபக் கதவின் கீழிடுக்கில், கோப்பிப் பானைப் பக்கமாக, இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன.

"மாக்கஸ், ஐஞ்சு பேரெண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். ஆறாவது ஒருத்தி இருக்கிறாளெல்லோ? குருநாகா. பாசையூரான் வீட்டில வளந்தவள். மற்ற ஐஞ்சு பேரும் பங்கு கேக்கேக்க, அவள் மட்டும் எனக்கு ஒண்டும் வேண்டாம், என்ர பேரை மட்டும் எழுதுங்கோ எண்டு கேட்டவள்."

குருநகர் அன்ரனெற் பிறந்த இடம். பாசையூர் பக்கத்து ஊர்.

மாக்கஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லாத மனிதர் அவர். அவள் அவரைச் சொல்லும்படி கேட்கவும் இல்லை. அவர் யன்னலைப் பார்த்தார், சப்பாத்துகளைப் பார்த்தார், பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் அளந்து சொன்னார்.

"அறுபது வருடம் வாசித்திருக்கிறேன். இப்படி ஒரு மகளை நான் கேள்விப்பட்டதே இல்லை."

சப்பாத்துகள் விரைந்து போய்விட்டன. மாக்கஸே கேள்விப்படாதது என்றால் அதைவிடப் புதிது உலகத்தில் இல்லை.

ஞாயிறு. மண்டபத்தில் இடம் போதாமல் சண்முகலிங்கம் சுவரோரம் கதிரை போட்டார். விழா என்பதால் எல்லோருடைய மடியிலும் பகுதி அச்சிட்ட புத்தகம் ஒன்று இருந்தது. மொன்றியல் விருந்தாளிகள் கேட்டு வாங்கிய புத்தகங்கள் அவை. மையத்தில் வழக்கமாக அதைக் கொடுப்பதில்லை.

"ஐந்து மகள்கள் என்று ஆயிரக்கணக்கான வருடமாக எண்ணிவிட்டார்கள்" என்று டொக்டர் ஸ்பிவாக் தொடங்கினார். "எண்ணத் தெரியாதவர்கள். ஆறாவது மகளை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் பெயர் குருநாகா."

மஞ்சள் அட்டைகள் எழுந்தன. சில பாதி எழுந்து நின்றன. புத்தகங்கள் புரளும் சத்தம் மெல்லத் தொடங்கியது.

"பாசையூரானின் வீட்டில் வளர்ந்தவள். பெயரை மட்டும் கேட்டவள். இந்த வசனத்தோடு நான் முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன். பல இரவுகள் அழுதிருக்கிறேன்."

மொன்றியலிலிருந்து வந்த ஒரு அம்மா விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அப்போது பின் வரிசையில் மாக்கஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"எந்த வசனம்?"

"மாக்கஸ், வசன இலக்கங்களில் சிக்கிக்கொள்பவர்களுக்கு..."

"இலக்கம் வேண்டாம். வாசித்துக் காட்டுங்கள்."

யாரோ ஒரு புத்தகத்தை மேடைக்கு நீட்டினார்கள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு டொக்டர் ஸ்பிவாக் பகுதியைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார். இன்னொரு பக்கம் பார்த்தார். ஐந்து பெயரும் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி இருந்தது. சண்முகலிங்கம் ஒலிவாங்கியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். டொக்டர் மூச்சு வாங்குவது வாசல்வரை கேட்டது.

"இந்தத் தகவல்... ஒரு ஊழியரிடமிருந்து எனக்குக் கிடைத்தது."

"எந்த ஊழியர்?" என்றார் மொன்றியல் அம்மா.

"சமையலறை ஊழியர்."

"அவருக்குப் பெயர் இல்லையா?"

"அன்ரனெற்" என்றார் டொக்டர் ஸ்பிவாக். குரல் உயர்ந்தது. "அவள் என்னை ஏமாற்றிவிட்டாள். யன்னலுக்கு அப்பால் அவள் சொல்வதை நான் முழு நம்பிக்கையோடு எழுதியிருக்கிறேன். ஒரு தலைமை வாசகர் தன் சமையலறையை நம்ப முடியாவிட்டால் வேறு எதைத்தான் நம்புவது?"

மாக்கஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "மிரியாமின் உணவும் அந்த யன்னலால் வந்ததுதானா?"

டொக்டர் ஸ்பிவாக் விருதைப் பார்த்தார். குழுவைப் பார்த்தார். குழு கூரையைப் பார்த்தது.

"சூழல் என்ற வகையில்... ஆமாம்."

முதல் நீல அட்டை மொன்றியல் அம்மாவுடையது. பிறகு வரிசை வரிசையாக நீலம் எழுந்தது. அன்ரனெற் யன்னலில் நின்று அதைப் பார்த்தாள். இரக்கம் வருமா என்று தன்னைத்தானே சோதித்தாள். வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏப்ரனோடு போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள்.

"ஆறாவது மகள் பொய். அதை நான்தான் சொன்னது. மிரியாமின்ர சாப்பாடு உண்மை. அதையும் நான்தான் சொன்னது. புளிக்குக் கீழ கிடந்தவளுக்குப் பேர் பிலோமினா. இப்ப ஜேர்மனியில இருக்கிறாள். ஆக்கள் கதைக்கேக்க அவளின்ர பேரைச் சொல்லிக் கதையுங்கோ."

சொல்லிவிட்டு இறங்கினாள். கோப்பி ஊற்ற நேரமாகிவிட்டது.

புதுமைக் குழு அடுத்த வியாழன் கூடியது. கதிரைகளை உறுப்பினர்களே அடுக்கினார்கள். நீண்ட அறிக்கை ஒன்று வெளியானது. ஆறாவது மகள் தோராவிலேயே இல்லாதபடியால் மையத்தின் வரலாற்றில் அதைவிடப் புதிய வாசிப்பு கிடையாது என்றும், ஆனாலும் அதைச் சொன்னவர் டொக்டர் ஸ்பிவாக் அல்ல என்று அவரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார் என்றும் அதில் இருந்தது. விருது அன்ரனெற்றுக்குப் போனது. அவள் அதை வாங்கவில்லை. செவ்வாய் வகுப்பைத் திரும்பத் திறக்கச் சொன்னாள். குழு ஏழுக்கு ஆறு என்ற வாக்கில் உடன்பட்டது. குழுவில் மொத்தம் ஏழு பேர்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

டொக்டர் ஸ்பிவாக்கை என்ன செய்வதென்று விதிப் புத்தகத்தில் தேடினார்கள். பதினேழாம் விதி அகப்பட்டது. பிறருடைய வாசிப்பைத் தன்னுடையதாகச் சொன்னவர், மண்டபத்தில் மீண்டும் வாய் திறக்குமுன், தோராவை முதற் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை ஒரு சாட்சியின் முன் உரக்க வாசித்து முடிக்க வேண்டும். விதியை எழுதியவரின் கையொப்பம் கீழே இருந்தது. ஹோவர்ட் ஸ்பிவாக்.

சாட்சியாக இருக்க உறுப்பினர் எவருக்கும் நேரம் இல்லை. அன்ரனெற்றுக்கு இருந்தது.

திங்கள் காலை பத்து மணிக்கு வெறும் மண்டபத்தில் இரண்டு கதிரைகள் போடப்பட்டன. டொக்டர் ஸ்பிவாக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். உலகம் உண்டானது. தோட்டம் போனது. காயீன் ஆபேலைக் கொன்ற இடத்தில் அவர் நிமிர்ந்து, "இது எனக்குத் தெரியாது" என்றார். பத்தரைக்கு வம்ச வரிசை வந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றார், இத்தனை வருடம் வாழ்ந்தார், இறந்தார்; பிறகு அடுத்தவர். அவர் ஒரு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார்.

"ஒரு பக்கம் விட்டிட்டியள்" என்றாள் அன்ரனெற்.

"அது வெறும் பெயர்கள்தானே."

"பேருகளைத்தான் வாசியுங்கோ. ஆறுதலா. ஒவ்வொரு பேரா."

அவர் அவளைப் பார்த்தார். அவள் காலைக் கொஞ்சம் நீட்டி, முதுகைக் கதிரையில் சாய்த்து வசதியாக உட்கார்ந்தாள். அவர் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இன்னும் நான்கு நூல்கள் இருந்தன.